பார்த்துவிட்ட மலை

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏற்காடு பகோடா பாயின்டில் காரை நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கினோம். என் பையன் மட்டும் பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். பதினொரு வயது. "வாடா, வந்து பாரு" என்று கதவைத் திறந்தேன். இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தான். பாறை விளிம்பு, அதற்கு அப்பால் வெளிறிய மூட்டம், கீழே காக்கம்பாடிப் பக்கம் சின்னச் சின்னக் கூரைகள். "இதைத்தான் பார்த்துட்டேனேம்மா" என்றான். அடம் பிடிக்கவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. சாப்பிட்டு முடித்த பிள்ளையை மறுபடி சாப்பிடக் கூப்பிட்டால் எப்படிச் சொல்லுமோ, அப்படிச் சொன்னான். அந்த இடத்துக்கு அவன் வந்தது அன்றுதான் முதல் முறை.

எங்கள் வீடு சேலத்தில், கன்னங்குறிச்சியில். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் எதிரே, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை நீளமாகக் கிடக்கும். ராத்திரியில் மலைப்பாதையில் ஏறும் வண்டிகளின் வெளிச்சம் ஒவ்வொரு வளைவாகத் திரும்புவது தெரியும். அந்த மலையை அவனும் பிறந்ததிலிருந்து பார்க்கிறான். ஆனால் அவன் சொன்ன 'பார்த்தது' அது இல்லை. அரை நிமிட வீடியோக்களில் பார்த்தது. ஏரியில் படகு, லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் சேலத்து விளக்குகள், கிளியூர் அருவி, பகோடா பாயின்ட்டின் கல் அடுக்குகள், எல்லாமே அவனுக்கு மனப்பாடம். எங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினால் என்ன வரும் என்று என்னைவிட நன்றாகச் சொல்கிறான். திரும்பி வரும்போது இருபது வளைவிலும் தூங்கிக்கொண்டே வந்தான்.

அந்த ஒரு வாக்கியம் எனக்குள் கிடந்து உறுத்தியது. பொய் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். அவன் உண்மையைத்தான் சொன்னான், பார்த்துத்தான் இருக்கிறான். பார்த்த பிறகும் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் என்னிடம் உடனே எடுத்துக் கொடுக்கப் பதில் இல்லை. "நேர்ல பாக்குற மாதிரி வருமா?" என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அது பதில் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும், வார நாட்களில் வீடியோ பார்க்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டேன். அந்தச் சட்டத்துக்கு முதல் சிக்கல் என் அப்பா.

வளைவு எண் 43

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அதில் பதினான்கு வருஷம் சேலம்–ஏற்காடு தடம். ஒரு நாளைக்கு மூன்று நடை. 2021-இல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து பிளேட் வைத்ததிலிருந்து அவரால் அரை மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்கார முடிவதில்லை. அதற்கப்புறம் மலைக்குப் போகவே இல்லை. ஏழு மணிச் செய்தி முடிந்ததும் முன்அறையில் பிளாஸ்டிக் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் மலை வீடியோ பார்ப்பார். இது புதுப் பழக்கமும் இல்லை. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடை செய்தபோது, "நம்ம மலையைப் போட்டுட்டிருந்த பசங்கல்லாம் இப்ப எங்க கண்ணு போவாங்க?" என்று உண்மையாகவே கவலைப்பட்டவர் அவர். அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்தது. பசங்களும் அங்கே வந்துவிட்டார்கள், அப்பாவும் வந்துவிட்டார்.

அவர் பார்ப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்ததே இல்லை. வயசானவர், பொழுது போக வேண்டுமே என்று விட்டிருந்தேன். பிப்ரவரியில் ஒரு நாள், அவருக்கு மாத்திரை கொடுக்கப் போய் அப்படியே நின்றுவிட்டேன். பைக்கில் ஹெல்மெட் மேல் கேமரா வைத்து யாரோ மலையில் இறங்குகிற வீடியோ. வளைவு வரும்போதெல்லாம் அப்பாவின் வலது கால், ரப்பர் செருப்போடு, தரையை மெல்ல அழுத்தியது. முழுசாக அழுத்தவில்லை. தொட்டு, கொஞ்சம் கொடுத்து, விட்டு, மறுபடி கொஞ்சம் கொடுத்து. எட்டு வருஷத்துக்கு மேல் ஸ்டியரிங்கைத் தொடாத மனிதர். அவருக்கே அது தெரியவில்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக் கூடாது, சூடேறினால் பிடிக்காமல் போய்விடும், எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று எனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோதே சொன்னவர். அந்தப் பாடத்தை அந்தச் செருப்பு அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மாத்திரை கொடுக்கும் சாக்கில் தினமும் போய் உட்கார ஆரம்பித்தேன். அவர் பார்க்கும் விதமே வேறாக இருந்தது. பையன் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவான். அப்பா கட்டைவிரலை வைத்து நிறுத்துவார். 'ஏற்காடு மலைப்பாதை, பார்த்தாலே தலை சுற்றும்' என்று எழுதி ஒரு வீடியோ வந்தது. நிறுத்தினார். "இது நம்ம மலை இல்ல. ஓரத்துல பலகையப் பாரு, வளைவு நாப்பத்தி மூணுன்னு போட்டிருக்கு. நம்ம மலையில இருபதுக்கு மேல ஏது? இது கொல்லிமலை, எழுபது வளைவு." இன்னொன்றில் காப்பித் தோட்டம். செடியின் கிளை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூ. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பி. வீடியோ போட்டவர் பூவின் அழகைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. அப்பா சொன்னார்: "மேல மழை பேஞ்சு எட்டு, பத்து நாள் ஆயிருக்கும். மார்ச், ஏப்ரல்ல ஒரு மழை விழுந்தாத்தான் இது பூக்கும். கீழ சொட்டு மழை இருக்காது, பாதி மலை ஏறினதும் ஜன்னல் வழியா வாசனை வரும். வர்றவங்க மல்லிகைப்பூ யாரு வச்சிருக்கான்னு கேப்பாங்க. மூணு நாளு, அப்புறம் கருகிப்போயிரும்." முப்பது விநாடி வீடியோவிலிருந்து மாதத்தையும் மழையையும் எண்ணிச் சொன்ன மனிதரை அன்றுதான் எதிரே பார்த்தேன்.

ஒரே போன், ஒரே வீடியோக்கள். ஒருவருக்கு மலை திறக்கிறது, இன்னொருவனுக்குச் சாத்திக்கொள்கிறது. ஜனவரியிலிருந்து உறுத்திக்கொண்டிருந்ததன் இன்னொரு பாதி இதுதான்.

வழி எங்கே போனது

அதன் பிறகு நானும் அந்த வீடியோக்களை நிதானமாகப் பார்த்தேன். எப்படிச் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ளவே பார்த்தேன். முதல் இரண்டு, மூன்று விநாடிக்குள் கண்ணை இழுக்காவிட்டால் பார்ப்பவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அதனால் எது உச்சமோ அதுதான் முதலில் வரும். அருவி, அப்புறம் விளிம்பு, அப்புறம் ஏரி, அப்புறம் சூடான மிளகாய் பஜ்ஜி. ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் நடுவே இருக்கிற வழியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். சேலம் கடல்மட்டத்துக்கு மேல் முந்நூறு மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். நடுவில் இருக்கிற ஆயிரத்து இருநூறு மீட்டர்தான் மலை. புழுக்கத்தில் ஆரம்பித்து, காதடைத்து, ஒரு வளைவில் காற்று மாறி, ஸ்வெட்டர் எடுக்கவில்லையே என்று தோன்றுமே, அது முழுவதும் வெட்டிப் போட்ட பகுதியில் போய்விடுகிறது.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. அந்தப் படச்சட்டம் ஒன்பது பங்கு அகலம், பதினாறு பங்கு உயரம். சில்வர் ஓக் மரம் அதற்குள் அழகாக நிற்கும். கிளியூர் அருவிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருக்கும். ஆனால் சேர்வராயன் மலைக்கு அகலம்தான் வடிவம். எங்கள் மாடியில் நின்று இடமிருந்து வலம் தலையைத் திருப்பித்தான் அதைப் பார்க்க முடியும். அது அந்தச் சட்டத்துக்குள் வராது, அதனால் வீடியோவிலும் அதிகம் வருவதில்லை. அருவிக்கு மட்டும் கூட்டம் அப்படி மொய்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வீடியோக்களில் மாதமும் இருக்காது. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூரில் விழுகிறது. மழைக்காலம் முடிந்து ஏரி இறங்கிவிட்டால் பாறையில் ஈரக்கோடு மட்டும்தான். நவம்பரில் எடுத்த வீடியோவை ஏப்ரலில் பார்த்துவிட்டு, குழந்தை குட்டிகளோடு அத்தனை செங்குத்து இறக்கம் இறங்கி, "தண்ணியே இல்லையே" என்று மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். அவர்களை யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. மாதத்தைச் சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

குரங்குகளைப் பற்றி மட்டும் கோபமாகவே சொல்கிறேன். வளைவில் வண்டியை நிறுத்தி, சிப்ஸ் பாக்கெட்டை நீட்டி, குட்டியைச் சுமந்த தாய்க்குரங்கு கை நீட்டுவதை எடுத்துப் போடுகிறார்கள். தீனி போடாதீர்கள் என்ற பலகை பின்னாலேயே தெரிகிறது. வண்டி நிற்கும், தீனி வரும் என்று பழகிய குரங்கு அடுத்த வண்டிக்கும் ரோட்டுக்கு இறங்கும். அடுத்த வண்டி நிற்காமல் வரும். அப்பாவுக்கு அப்படி ஒரு காலைநேரம் உண்டு. அதைப் பற்றி அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் முழுசாகச் சொல்லவில்லை. அந்த வகை வீடியோ வந்தால் மட்டும் அவர் நிறுத்துவதில்லை, சட்டென்று தள்ளிவிடுவார்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், 'வீடியோதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது' என்று என்னால் முடிக்க முடியவில்லை. நம் ஊருக்குத் திரையில் மலை பார்ப்பது புதிதும் இல்லை. 1935-இல் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியது இந்த ஏற்காடு ரோட்டில்தான். நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டுடியோவில் இன்று அந்த முகப்பு வளைவுதான் மிச்சம். அதைத் தாண்டித்தான் அப்பா ஒவ்வொரு நடையும் மலைக்கு வண்டியைத் திருப்பியிருக்கிறார். திரையில் பார்த்துவிட்டோம் என்று சேலத்துக்காரர் யாரும் மலைக்குப் போகாமல் இருந்ததில்லை. சினிமா ஆசையை மூட்டி அனுப்பியது. அரை நிமிட வீடியோ ஆசையை மூட்டி அங்கேயே தீர்த்தும் வைத்துவிடுகிறதா? என் பையன் விஷயத்தில் ஆமாம் என்றுதான் நினைத்தேன், மே மாதம் அந்த ராத்திரி வரைக்கும்.

சீட்டி

பள்ளி விடுமுறை. என் சட்டத்துக்கும் விடுமுறை. கரண்ட் போய்விட்டதால் தாத்தாவும் பேரனும் வாசலில் பாயைப் போட்டு, ஒரே போனை நடுவில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். தள்ளித் தள்ளி ஒரு பறவை வீடியோ வந்தது. நம் மலையில் எடுத்தது இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கோ ஒரு ஓடைக்கரை. கறுப்பு என்று நினைக்கும்போதே தோளில் நீலம் மின்னுகிற பறவை, ஈரப் பாறை மேல் உட்கார்ந்து பாடியது. பாட்டு என்று சொல்லத் தோன்றவில்லை. யாரோ ஒரு பையன், வேலை வெட்டி இல்லாமல், மெட்டும் இல்லாமல் சீட்டியடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. சீகாரப் பூங்குருவி என்று கீழே பேர் போட்டிருந்தது. பையன் தள்ளப் போனான். அப்பா அவன் கையைப் பிடித்தார்.

"இவனா?" என்றார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தடவை போட்டபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அப்படிச் சட்டென்று எழ வராது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அறுபது அடி பாலத்துக்கிட்ட வருஷக்கணக்கா இந்தச் சீட்டியக் கேட்டிருக்கேன்டா. விடியக்காலை முதல் நடையில, மழை பேஞ்சு ஓஞ்ச நாள்ல. யாரோ பஸ்ஸை நிறுத்தச் சொல்லிச் சீட்டியடிக்கிறாங்கன்னு ரெண்டு மூணு தடவை வண்டியை ஸ்லோ பண்ணியிருக்கேன். கண்டக்டர் எட்டிப் பாப்பாரு, ஆளே இருக்காது. எவனோ எஸ்டேட்டுப் பையன் மறைஞ்சுக்கிட்டு வெளையாடுறான்னுதான் இத்தனை நாளா நெனச்சேன்."

பதினான்கு வருஷம் அந்தச் சத்தத்துக்குக் கீழே வண்டி ஓட்டியவருக்குப் பாடியது யார் என்று சொன்னது ஒரு அரை நிமிட வீடியோ. மலையைத் தெரிந்த மனிதருக்கே மலையில் கிடைக்காத ஒன்று, கன்னங்குறிச்சி வாசலில் பாயில் கிடைத்தது. அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். போன் வெளிச்சத்தில் அது இருபது வயசு குறைந்து தெரிந்தது. அதுவரை நான் மனசுக்குள் கட்டி வைத்திருந்த வழக்கு அந்த இடத்தில் அவிழ்ந்துபோயிற்று. வீடியோவில் குறை அப்படியேதான் இருக்கிறது, வழி இல்லை, மாதம் இல்லை. ஆனால் பார்க்கிறவருக்குள் அந்த வழி ஏற்கெனவே இருந்தால், அந்த அரை நிமிடம் அதில் போய்ச் சரியாகப் பொருந்திவிடுகிறது. என் பையனுக்குள் நான் எந்த வழியையும் போட்டுவைக்கவில்லை. அருவியையும் ஏரியையும் போனே போட்டுவிட்டது. வளைவுகளில் அவனைத் தூங்கவிட்டது நான்.

பையன் அந்த வீடியோவைத் தள்ளவில்லை. "தாத்தா, அது இன்னும் அங்க இருக்குமா?" என்று கேட்டான். ஏற்காட்டைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது.

அறுபது அடி பாலம்

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை. முந்தின நாள் ராத்திரி மலையில் மழை. காலையில் ஐந்தேகாலுக்கே பையன் என்னை எழுப்பினான். ஸ்கூட்டரில் கிளம்பினோம். கோரிமேடு தாண்டும்போது டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அடிவாரத்தைத் தாண்டியதும் பையன் வளைவு எண்ண ஆரம்பித்தான், ஒவ்வொன்றிலும் சத்தமாக. தாத்தா சொல்லி அனுப்பிய பாடம்: ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும், வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பக் கூடாது. ஒரு கார்க்காரர் மேலிருந்து குறுக்கே வந்தபோது, "அவர்தாம்மா ஒதுங்கணும்" என்று பின்னாலிருந்து கத்தினான்.

பாலத்துக்கு அப்பால் அகலமான ஓரத்தில் வண்டியை நிறுத்தினோம். கீழே ஓடை புதுத்தண்ணீரில் கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. பாறை மேல் பாசி. மூங்கில் இலையிலிருந்து ராத்திரி மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் அங்கே. யாரும் வீடியோ எடுக்க நிற்காத இடம். பத்து நிமிடம் ஆனது, இருபது நிமிடம் ஆனது. பையன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டான். அப்புறம் கண்ணைத் திறந்து எறும்பு போவதைப் பார்த்தான். அப்புறம் என் போனை வாங்கி, ஓடையைப் பார்த்து வைத்து, ரெக்கார்டை அழுத்திவிட்டு, சுவர் மேல் சாய்த்து வைத்தான். "தாத்தாவுக்கு. வெட்டாம எடுக்குறேன்" என்றான். போகலாமா என்று நான் ஒரு முறை கேட்டேன். உதட்டில் விரலை வைத்தான்.

முக்கால் மணி நேரம் கழித்துச் சீட்டி வந்தது. மேலே மரத்துக்குள் எங்கிருந்தோ, நாலைந்து சுரம், நடுவில் தயங்கி, மறுபடி இரண்டு. அதே நேரம் கீழ் வளைவிலிருந்து முதல் நடை பஸ் உறுமிக்கொண்டு ஏறியது. சத்தம் பாலத்தை நிறைத்தது. பஸ் போன பிறகு பறவை பாடவில்லை. எவ்வளவு தேடியும் கண்ணில் படவும் இல்லை. ஏற்காடு இன்னும் மேலே இருந்தது. அவன் அங்கே போகக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அப்பா குளித்து, திருநீறு பூசி, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். நாற்பத்தொரு நிமிட வீடியோ. ஆடாமல் அசையாமல் ஒரு ஓடை. இட்லி ஆறுகிறது என்று சொல்லியும் முதல் நிமிடத்திலிருந்து பார்த்தார். "தண்ணி நல்லாவே வருது." "அந்த மூங்கில் அப்ப இவ்வளவு இல்ல." பையன் பக்கத்தில் முட்டி போட்டு, எந்த இடத்தில் வரும் என்று தெரிந்து காத்துக்கொண்டிருந்தான். பஸ் சத்தம் ஆரம்பித்தது. அப்பா கையை உயர்த்தினார்.

"செகண்ட்லயே இழுக்குறான். ஃபர்ஸ்டுக்குப் போட்டிருக்கணும், வண்டி திணறுது பாரு."

"பஸ் இல்ல தாத்தா, அதுக்கு அடியில கேளுங்க," என்று அவன் வீடியோவைப் பின்னால் இழுத்தான்.